ரூர் நிலக்கரியும் அமெரிக்க அழுத்தமும்: ஷூமன் திட்டம் ஒப்பந்தமான பத்து மாதங்கள்

1951 மார்ச் 14 அன்று மேற்கு ஜெர்மனியின் சான்சலர் கொன்ராட் அடினாவர், தம் நாட்டை மேற்பார்வையிட்டுவந்த நேச நாடுகளின் (அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ்) உயர் ஆணையத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ரூர் வட்டாரத்தில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரியை ஏறத்தாழ முழுவதுமாக ஒரே வாசல் வழியே விற்றுவந்த ‘டாய்ச்சர் கோலன் ஃபெர்காஃப்’ என்ற விற்பனை அமைப்பைக் கலைக்கவும், எஃகு ஆலைகள் சொந்தச் சுரங்கங்கள் வைத்துக்கொள்வதற்கு வரம்பு கட்டவும் தம் அரசு இசைவதாக அதில் தெரிவித்திருந்தார். ஐந்து நாள் கழித்து, மார்ச் 19 அன்று, பாரிஸில் ஆறு நாடுகளின் பேராளர்கள், தம் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின்கீழ் கொண்டுவரும் ஷூமன் திட்டத்திலிருந்து பிறந்த ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்தின் ஒப்பந்த வரைவில் சுருக்கொப்பமிட்டார்கள். ஏப்ரல் 18 அன்று அமைச்சர்கள் முறைப்படி கையெழுத்திட்டார்கள்.

அந்த மேசையில் அமெரிக்கர் எவரும் அமரவில்லை. ஒப்பந்தத்திலும் அமெரிக்கக் கையெழுத்து இல்லை. ஆனால் மார்ச் 14ஆம் தேதிக் கடிதம் அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்ளாய் பல வாரங்கள் இடைவிடாமல் அழுத்தியதன் விளைவாகவே வந்தது. போருக்குப் பிந்தைய ஐரோப்பிய ஒருங்கிணைப்பில் அமெரிக்காவின் பங்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா தந்த மார்ஷல் உதவியின் தொகையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். பணம் முக்கியந்தான். ஆயினும் இந்த ஒரு நிகழ்வில் வேலை செய்தது பணம் அன்று, சட்டப்படி அமெரிக்கா கையில் வைத்திருந்த ஓர் அதிகாரம். அந்த அதிகாரம் எப்படிப்பட்டது, யாருடைய நோக்கத்துக்காக, எந்த நேரத்தில் அது செலவிடப்பட்டது என்பதை விளங்கிக்கொண்டால்தான், மூன்றே ஆண்டுகளில் இதே நாடு இதே நோக்கத்தில் ஏன் தோற்றது என்பதும் விளங்கும்.

பின்புலம்

1947 ஜூன் 5 அன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேசிய வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷல், முன்முயற்சி ஐரோப்பாவிலிருந்தே வரவேண்டும் என்றார். உதவி பெற்ற நாடுகள் கூடிச் செயல்பட 1948 ஏப்ரலில் ஐரோப்பியப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு பாரிஸில் தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கு உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எதுவும் இல்லை. பிரிட்டன் அதை அரசுகளுக்கிடையேயான கலந்துரையாடல் மன்றமாகவே வைத்திருக்க விரும்பியது. உதவித் திட்டத்தின் தலைவரான பால் ஹாஃப்மன் 1949 அக்டோபர் 31 அன்று பாரிஸுக்கு நேரில் வந்து, மேற்கு ஐரோப்பாவின் பொருளாதாரம் ஒருங்கிணைய வேண்டும், தடைகளற்ற ஒரே சந்தையாக வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்த உரையால் அப்போதைக்குப் பெரிய மாற்றம் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை.

அதே அக்டோபர் மாதத்தில், வெளியில் தெரியாமல், வேறொரு முடிவு எடுக்கப்பட்டது. அந்த முடிவையே நான் பெரிதாகக் கருதுகிறேன். பிரிட்டன் தலைமையேற்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்ற நிலைக்கு அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ஆச்சசன் வந்திருந்தார். ஐரோப்பாவில் பணியாற்றிய தம் தூதர்களுக்கு அனுப்பிய செய்தியில், ஒருங்கிணைப்பின் திறவுகோல் பிரான்சின் கையில் இருக்கிறது என்று எழுதினார். பாரிஸில் கூடிய தூதர்களில் சிலர் பிரிட்டன் இல்லாமல் எதுவும் நடக்காது என்று வாதிட்டும் அவர் அசையவில்லை. அம்மாத இறுதியில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமனுக்கு நேரடியாகவே எழுதி, ஜெர்மனியை மேற்கு ஐரோப்பாவோடு சேர்க்கும் பொறுப்பைப் பிரான்ஸ் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எப்படிச் செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. பிரான்ஸ் செய்ய வேண்டும் என்று மட்டுமே சொன்னார்.

பிரான்சுக்கோ அது வலிமிகுந்த கேள்வி. லொரேன் பகுதியின் இரும்புத் தாது ரூர் பகுதியின் கோக் கரி இல்லாமல் எஃகாகாது. ஜெர்மானியர் தம் உள்நாட்டு ஆலைகளுக்கு ஒரு விலையிலும் ஏற்றுமதிக்கு அதைவிடக் கூடிய விலையிலும் நிலக்கரியை விற்றுவந்தார்கள். ஜெர்மனியின் எஃகு உற்பத்தி ஆண்டுக்கு 1.11 கோடி டன்னுக்கு மேல் போகக்கூடாது என்ற தடையும், நிலக்கரியைப் பங்கிட 1949இல் ஏற்படுத்தப்பட்ட பன்னாட்டு ரூர் ஆணையமும் பிரான்சின் அச்சத்தை ஓரளவு தணித்திருந்தன. ஆனால் இவை நெடுநாள் நிற்காது என்பதும், ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் தளர்த்தும்படி வாஷிங்டன் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதும் பாரிஸில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மே மாத வார இறுதி

பிரான்சின் திட்ட ஆணையத் தலைவர் ழான் மொனே இந்த முடிச்சை அவிழ்க்க வழி கண்டார். இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும், இரு அரசுகளுக்கும் மேலான ஒரு பொது அதிகாரபீடத்தின்கீழ் வைப்பது. சேர விரும்பும் பிற நாடுகளுக்கும் அதைத் திறந்துவைப்பது. போர்க்காலத்தில் வாஷிங்டனில் பணியாற்றியவர் மொனே. மெக்ளாய் உள்ளிட்ட அமெரிக்கச் சட்டத்துறையினர், நிர்வாகிகள் பலர் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். இந்த நட்பை வைத்து, திட்டமே அமெரிக்கா எழுதித் தந்தது என்று முடிவு கட்டுவோர் உண்டு. 1950 மே 7ஆம் தேதி நடந்தது அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லண்டன் மாநாட்டுக்குப் போகும் வழியில் பாரிஸில் இறங்கியிருந்த ஆச்சசனிடம், அமெரிக்கத் தூதர் டேவிட் புரூஸின் இல்லத்தில் வைத்து, மொனேயின் திட்டத்தைத் தம்முடையதாக ஏற்றிருந்த ஷூமன் அதை விளக்கினார். பிரெஞ்சு அமைச்சரவைக்கே அது இன்னும் முழுமையாக முன்வைக்கப்படவில்லை. ஆச்சசனின் முதல் எண்ணம் ஐயமாகவே இருந்தது. நிலக்கரி, எஃகு முதலாளிகள் விலையையும் உற்பத்தியையும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் மாபெரும் கார்டெலாக இது முடியுமோ என்று அஞ்சியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். மொனேயும் ஷூமனும் விளக்கிய பிறகே அவர் மனம் மாறினார். தாம் எழுதித் தந்த திட்டத்தைக் கண்டு யாரும் இப்படித் திடுக்கிடுவதில்லை.

மே 9 காலையில் ஷூமனின் தனிக் கடிதம் மேற்கு ஜெர்மன் தலைநகர் பானில் அடினாவரிடம் சேர்ந்தது. அவர் உடனே இசைந்தார். மாலையில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின் கடிகாரக் கூடத்தில் அறிவிப்பு வெளியாயிற்று. லண்டனில் ஆச்சசனைச் சந்தித்த பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின், தம்மிடம் சொல்லாமல் அமெரிக்காவும் பிரான்சும் கூடிச் சதி செய்ததாகவே நம்பிக் கொதித்தார். வாக்குக் கொடுத்திருந்ததால் ஆச்சசன் அதுவரை வாய்திறக்க முடியாமல் இருந்தார். அவ்வளவு நெருங்கிய கூட்டாளியின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு பிரெஞ்சு முன்முயற்சியைக் காத்தது, அமெரிக்க ராஜதந்திரம் இந்த நிகழ்வில் செய்த முதல் பெரிய உதவி. ஜூன் தொடக்கத்தில் பிரிட்டன் விலகிக்கொண்டது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளோடு ஜூன் 20 அன்று பாரிஸில் பேச்சு தொடங்கியது.

மேசைக்கு வெளியே

பேச்சுவார்த்தையில் பார்வையாளராகக்கூட அமர்வதில்லை என்று அமெரிக்கா முடிவு செய்தது. அதே வேளையில், பாரிஸ் தூதரகத்தில் புரூஸும் நிதித்துறைப் பிரதிநிதி வில்லியம் டாம்லின்சனும் ஒரு சிறு குழுவை அமைத்துக்கொண்டு, மொனேயின் அலுவலகத்தோடு அன்றாடம் தொடர்பில் இருந்தார்கள். ஃபிராங்ஃபர்ட்டில் மெக்ளாயின் தலைமைச் சட்ட ஆலோசகராக இருந்தவர் ராபர்ட் போவி. ஹார்வர்டில் சட்டம் கற்பித்தவர். தொழில்துறை ஏகபோகங்களுக்கு எதிரான சட்டத்தில் தேர்ந்தவர். அவர் ரூர் தொழில்களைப் பிரிக்கும் வேலையையும் பாரிஸ் பேச்சையும் ஒருசேரக் கவனித்துவந்தார்.

ஆச்சசன் முதல்நாள் அஞ்சிய கார்டெல் ஆபத்துக்கு விடை தேடியபோது, மொனே போவியைத்தான் நாடினார். ஒப்பந்தத்தின் 65, 66ஆம் பிரிவுகளின் மூல வரைவு போவியின் கையால் எழுதப்பட்டது. பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றத்தைச் சேர்ந்த மோரிஸ் லக்ரான்ஷ் அதைப் பிரெஞ்சுச் சட்டமொழிக்கும் சட்ட மரபுக்கும் ஏற்பத் திருத்தியமைத்தார். போட்டியைத் தடுக்கும் உடன்படிக்கைகளை 65ஆம் பிரிவு தடைசெய்தது; நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதற்கு, உயர் அதிகாரபீடம் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொது அமைப்பின் முன் அனுமதி வேண்டும் என்று 66ஆம் பிரிவு விதித்தது. கார்டெல்களை இயல்பான வணிக ஏற்பாடாகவே ஏற்றுப் பழகியிருந்த ஒரு கண்டத்தில், ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டி இப்படி ஒரு விதி செல்லுபடியானது அதுவே முதல்முறை.

வரைவை எழுதியவர் அமெரிக்கர் என்பதால் அது திணிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாமா? என் கணிப்பில் அது முழு உண்மை ஆகாது. ரூர் முதலாளிகள் பழையபடி ஓர் அணியாகத் திரண்டால் பொதுச் சந்தை என்பது ஜெர்மன் ஆதிக்கத்தின் இன்னொரு பெயராகிவிடும் என்ற பயம் மொனேக்கே இருந்தது. தமக்கு வேண்டிய ஒன்றுக்குத் தேர்ந்த கை எங்கே கிடைத்ததோ அங்கிருந்து அவர் அதைப் பெற்றுக்கொண்டார்.

ரூர் முடிச்சு

காகிதத்தில் எழுதிய விதியால் மட்டும் தரையில் இருந்த நிலைமை மாறவில்லை. எஸ்ஸன் நகரிலிருந்து இயங்கிய கோலன் ஃபெர்காஃப், எந்த ஆலைக்கு எவ்வளவு நிலக்கரி, எந்த நாட்டுக்கு எந்தத் தரம் என்பதைத் தானே தீர்மானித்துவந்தது. இது நீடித்தால், லக்சம்பர்க்கில் ஓர் அதிகாரபீடம் அமர்ந்திருந்தாலும் மேற்கு ஐரோப்பாவின் எரிபொருள் வால்வு எஸ்ஸனிலேயே இருக்கும். இன்னொரு புறம், எஃகு ஆலையும் சுரங்கமும் ஒரே உடைமையாக இருக்கும் ஜெர்மன் முறை. இதனால் ரூர் ஆலைகளுக்கு நிலக்கரி அடக்க விலையில் கிடைக்க, லொரேன் ஆலைகள் சந்தை விலை கொடுத்தாக வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் ஒப்பந்தத்துக்கு முன்பே தீர்க்காமல் கையெழுத்திட முடியாது என்பதில் மொனே உறுதியாக நின்றார்.

இதைச் செய்துமுடிக்கும் சட்ட அதிகாரம் பிரான்சிடம் தனியாக இல்லை. அது உயர் ஆணையத்தின் 27ஆம் எண் சட்டத்தில் இருந்தது. ஷூமன் அறிவிப்புக்கு ஒரு வாரம் கழித்து, 1950 மே 16 அன்று, வெளியான அந்தச் சட்டம் ஜெர்மன் நிலக்கரி, இரும்பு, எஃகுத் தொழில்களின் குவிப்பை உடைப்பதற்கு ஆணையத்துக்கு அதிகாரம் தந்தது. மூன்று உயர் ஆணையர்களில் எடை மிகுந்த குரல் மெக்ளாயுடையது.

ஜூன் 25 அன்று கொரியாவில் போர் மூண்டதும் காற்று திசைமாறியது. செப்டம்பர் 12 அன்று நியூயார்க்கில் ஆச்சசன், ஜெர்மானியப் படைப்பிரிவுகளை ஐரோப்பியப் பாதுகாப்பில் சேர்க்க வேண்டும் என்று பிரான்சிடமும் பிரிட்டனிடமும் கேட்டார். ஜெர்மன் வீரர்கள் வேண்டும், ஜெர்மன் எஃகும் வேண்டும் என்று மேற்குலகம் கேட்கும்போது, சுரங்கத்தையும் ஆலையையும் பிரித்துக்கொடுக்க ஜெர்மனி ஏன் அவசரப்பட வேண்டும்? பாரிஸில் ஜெர்மன் பேராளர் குழுவுக்குத் தலைமை தாங்கிய வால்ட்டர் ஹால்ஸ்டைன் ஒப்பந்தத்தை மனதார விரும்பியவர். ஆனால் ரூர் தொழிலதிபர்களும் பானின் பொருளாதார அமைச்சகமும் பின்வாங்கத் தொடங்கினார்கள். வாஷிங்டனின் ஒரு கை மொனேயின் திட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கையில், இன்னொரு கை அதன் அடித்தளத்தை அசைத்துவிட்டது. நியூயார்க் கோரிக்கையை வைத்தபோது ஷூமன் திட்டத்துக்கு அது என்ன செய்யும் என்பதை ஆச்சசன் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். மெக்ளாயின் பிற்கால உறுதிக்கு இந்தத் தவற்றைச் சரிசெய்ய வேண்டிய கட்டாயமும் ஒரு காரணம்.

குளிர்காலம் முழுவதும் போவி ஜெர்மன் அதிகாரிகளோடு விதி விதியாகப் பேசினார். ஒருபுறம் விட்டுக்கொடுத்தல் இருந்தது: சுரங்க உடைமையை முற்றாகத் தடைசெய்யாமல், ஓர் எஃகு நிறுவனம் தன் நிலக்கரித் தேவையில் 75 விழுக்காடு வரை சொந்தச் சுரங்கத்திலிருந்து பெறலாம் என்ற வரம்பு வகுக்கப்பட்டது. விற்பனை அமைப்பின் விஷயத்தில் விட்டுக்கொடுத்தல் கால அவகாசத்தோடு நின்றது, கலைப்பு உறுதி. மார்ச் தொடக்கத்தில் மெக்ளாய் தம் இறுதி நிலையை அடினாவரிடம் வைத்தார். ஜெர்மனி தானாக ஏற்காவிட்டால் 27ஆம் எண் சட்டத்தின்கீழ் ஆணையமே செய்துமுடிக்கும் என்பது அதில் தெளிவாக இருந்தது. ரூர் தொழிலதிபர்களிடமும் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் அவர் நேரடியாகப் பேசினார்.

அடினாவர் வளைந்து கொடுத்ததை வெறும் பணிவாகப் படிப்பது தவறு. மார்ச் 6 அன்றுதான், ஜெர்மனியில் நேச நாடுகளுக்கு இருந்த அதிகாரங்களை வரையறுத்த ஆக்கிரமிப்புச் சாசனம் திருத்தப்பட்டு, ஜெர்மனி மீண்டும் ஒரு வெளியுறவு அமைச்சகம் நடத்த அனுமதி கிடைத்திருந்தது. மார்ச் 15 அன்று, அதாவது கடிதம் கொடுத்த மறுநாள், அடினாவர் தாமே வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்றார். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் பன்னாட்டு ரூர் ஆணையமும் உற்பத்தித் தடைகளும் போய்விடும். ஜெர்மனி மற்ற ஐவரோடு சமமாக அமரும். அந்தப் பெரிய ஆதாயத்துக்காகக் கோலன் ஃபெர்காஃபைக் கைவிட அவர் முன்பே மனத்தளவில் தயாராக இருந்திருப்பார். தம் நாட்டுத் தொழிலதிபர்களிடம் “வேறு வழியில்லை” என்று சொல்ல ஒரு காரணம் மட்டுமே வேண்டியிருந்தது, மெக்ளாய் அதைத் தந்தார். அமெரிக்க அழுத்தம் இங்கே பலித்ததற்கு, அழுத்தப்பட்டவரே அதை ஓரளவு வரவேற்றார் என்பது மறக்கக்கூடாத காரணம்.

மெக்ளாயின் கணக்கில் எழுதவேண்டிய இன்னொரு வரியும் உண்டு. போர்க் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருந்த ஆல்ஃபிரீட் குரூப்பை விடுவித்து, அவர் சொத்தையும் திருப்பித் தர ஆணையிட்டவர் இதே மெக்ளாய். அது 1951 ஜனவரி 31 அன்று, இந்தப் பேச்சுகளின் நடுவிலேயே நிகழ்ந்தது. அடிமை உழைப்பில் கொழுத்த ஓர் எஃகுக் குடும்பத்துக்கு அந்தக் கருணை காட்டப்பட்டதை எந்த ராஜதந்திரக் கணக்காலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ரூரில் அதிகாரக் குவிப்பை உடைக்கும் உறுதியும் இந்த விடுதலையும் ஒரே மனிதரிடமிருந்து ஒரே பருவத்தில் வந்தன. இரண்டையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

கையெழுத்துக்குப் பின்

ஒப்பந்தம் 1952 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 10 அன்று மொனேயின் தலைமையில் உயர் அதிகாரபீடம் லக்சம்பர்க்கில் பணி தொடங்கியது. மறுநாளே, நிலக்கரி, எஃகு விவகாரங்களில் இனி இந்த அமைப்போடுதான் பேசுவோம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. இன்னும் ஒரு டன் எஃகைக்கூட நிர்வகிக்காத புது அமைப்புக்கு இந்த அங்கீகாரம் எவ்வளவு வலுவூட்டியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நவம்பரில் உலக வணிக உடன்பாடான காட், ஆறு நாடுகளுக்கு மட்டும் தீர்வைச் சலுகை தர விலக்களித்தது. 1953 தொடக்கத்தில் டேவிட் புரூஸ் அச்சமூகத்துக்கான அமெரிக்கப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1954 ஏப்ரலில் 10 கோடி டாலர் கடன் உயர் அதிகாரபீடத்துக்கே நேரடியாக வழங்கப்பட்டது. தேசிய அரசுகளைத் தாண்டிய ஓர் அமைப்பைக் கடன்வாங்கத் தகுதியுள்ள தரப்பாக அமெரிக்கா ஏற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள்.

கோலன் ஃபெர்காஃப் கலைந்தது. ஆனால் அதன் இடத்தில் வந்த ஆறு விற்பனை முகமைகள் ஒரு பொது அமைப்பால் மீண்டும் கட்டப்பட்டன. 1956இல் உயர் அதிகாரபீடம் அதை மூன்று முகமைகளாக மாற்றியமைத்தது. பிரிக்கப்பட்ட எஃகு நிறுவனங்களும் ஐம்பதுகளின் பிற்பாதியில் ஒவ்வொன்றாக மறுபடி இணைந்தன, அதற்கும் அதிகாரபீடத்தின் அனுமதி கிடைத்தது. ஆக, மெக்ளாய் பெற்றுத்தந்த பிரிவினை நிலைக்கவில்லை. நிலைத்தது விதிதான். போட்டியைத் தடுக்கும் உடன்படிக்கைகளுக்கு எதிரான கொள்கை 1957இன் ரோம் ஒப்பந்தத்தில் 85, 86ஆம் பிரிவுகளாக இடம்பெற்றது; நிறுவன இணைப்புகளை முன்கூட்டியே ஆராயும் அதிகாரம் ஐரோப்பியச் சட்டத்தில் பொதுவிதியாக 1989இல்தான் திரும்ப வந்தது.

இதே கருவி இல்லாதபோது

நியூயார்க் கோரிக்கைக்கு விடையாக, ஜெர்மன் வீரர்களை ஐரோப்பியப் பொதுப் படைக்குள் கரைத்துவிடும் திட்டத்தையும் மொனேதான் வகுத்தார். பிரதமர் ரெனே பிளெவன் அதை 1950 அக்டோபர் 24 அன்று அறிவித்தார். ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தம் 1952 மே 27 அன்று கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்பளிக்கவில்லை. இம்முறை அமெரிக்கா அழுத்தவேண்டிய இடம் பான் அன்று, பாரிஸ். அங்கே அமெரிக்காவுக்கு எந்த ஆக்கிரமிப்புச் சட்டமும் இல்லை, விட்டுக்கொடுத்தால் பதிலுக்கு நீக்கித்தரக்கூடிய தடை ஏதும் இல்லை. பிரெஞ்சு அரசியலில் இந்த அழுத்தத்தைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய அடினாவரைப் போன்ற ஒருவரும் இல்லை.

எனவே மிரட்டல் ஒன்றே மிஞ்சியது. அமெரிக்கக் காங்கிரஸ் 1953இல் ராணுவ உதவியின் பெரும்பகுதியை இந்த ஒப்பந்தத்தோடு கட்டிப்போட்டது. அந்த டிசம்பர் 14 அன்று பாரிஸில் வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், ஒப்பந்தம் நிறைவேறாவிட்டால் அமெரிக்கா தன் அடிப்படைக் கொள்கையையே வேதனையோடு மறுபரிசீலிக்க நேரும் என்று எச்சரித்தார். பிரான்சைக் கைவிட்டுப் போக அமெரிக்காவால் முடியாது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். அந்த எச்சரிக்கை பிரெஞ்சு எதிர்ப்பாளர்களின் கைக்கு ஆயுதமானது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு தேசிய மன்றம் 319க்கு 264 என்ற வாக்கில் ஒப்பந்தத்தை விவாதமின்றியே ஒதுக்கிவைத்தது.

அதன்பின் ஜெர்மனியின் படைகளுக்கு வழி கண்டவர் பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடன்; 1955 மே மாதத்தில் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. அடுத்த மாதமே ஆறு நாடுகளின் அமைச்சர்கள் சிசிலியின் மெசினா நகரில் கூடிப் பொதுச் சந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். டல்லஸ் அந்த முயற்சியை உள்ளூர முழுமையாக ஆதரித்தார். ஆயினும் 1954இன் அனுபவத்துக்குப் பிறகு அமெரிக்க ஆதரவைப் பொது மேடைகளில் உரக்க ஒலிக்கவிடாமல், தூதரகங்களின் அறைகளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்த்துக்கொண்டார்.